செவ்வாய்க்குள் போட வேண்டிய ஓட்டு

சனிக்கிழமை சாயங்காலம் தென் கரோலினாவில் வாக்குச்சாவடிகளை மூடி அரை மணிகூட ஆகியிருக்காது, லியோனா கோச்செவருக்கு முடிவு தெரிந்துவிட்டது. தொலைக்காட்சியில் ஆக்னஸ் தோர்வால்டின் பெயரைத் தேட வேண்டியிருந்தது. நாலாவது இடம். மூன்றாமவருக்கும் அவருக்கும் நடுவில் ஒரு லாரியே திரும்பலாம்.

முன்பு செருப்புக்கடையாக இருந்த அந்த அலுவலகத்தில் அப்போது அவள் மட்டும்தான் இருந்தாள். பிரசாரத்துக்கு வந்த பிள்ளைகளையெல்லாம், "போய்ச் சாப்பிடுங்க, நாளைக்கு வேலை இருக்கு" என்று அனுப்பிவிட்டாள். கொலராடோ மாநிலத்தின் பியூப்ளோ மாவட்டம் முழுவதற்கும் தோர்வால்டின் பிரசாரப் பொறுப்பாளர் அவள்தான். பதினாலு மாதமாக அதுதான் வேலை, அதுதான் பேச்சு.

இந்த நாட்டில் ஜனாதிபதித் தேர்தலுக்குக் கட்சி தன் வேட்பாளரைப் பொறுக்குகிற விதமே ஒரு தினுசு. எல்லோரும் ஒரே நாளில் ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டைப் பார்க்கப் போகிற கதையெல்லாம் கிடையாது. குளிரில் விறைத்துக்கொண்டு ஒரு மாநிலம் முதலில் போடும், அடுத்த வாரம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று ஜூன் வரை இழுப்பார்கள். முதலில் போடுகிறவன் ராஜா. அவன் முகம் சுளித்தால் போதும், நன்கொடை நின்றுவிடும், தொலைக்காட்சிக்காரன் பெயரைச் சொல்ல மாட்டான், நேற்றுவரை கட்டிப்பிடித்தவன் எல்லாம் இன்னொருவர் மேடையில் நின்று கை தட்டுவான். கடைசியில் போடுகிறவனுக்குத் தட்டில் மிச்சம் மீதிதான். தோர்வால்ட் மொன்டானா மாநிலத்துக் கவர்னர். அவரைத் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற மொன்டானாக்காரர்களுக்கு ஜூனில்தான் வாக்கு. அதற்குள் அந்தம்மாள் போட்டியிட்ட கதையே பலருக்கு மறந்திருக்கும்.

கொலராடோவுக்குச் செவ்வாய்க்கிழமை. ஆனால் இங்கே ஓட்டுச்சீட்டு மூன்று வாரம் முன்பே தபாலில் வீட்டுக்கு வந்துவிடும். சிலர் வந்த அன்றே குறி போட்டு, உறையில் கையெழுத்திட்டுப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். சிலர் கடைசி நாள் வரை சமையலறை மேசையில் உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் போட்டு வைத்திருப்பார்கள். லியோனாவின் வேலையே இந்த இரண்டாம் ரகத்தை முதல் ரகமாக மாற்றுவதுதான். போட்ட ஓட்டுதான் ஓட்டு, மனசில் இருப்பது ஓட்டில்லை என்பது அவள் தொழிலின் வேதம்.

டென்வரிலிருந்து காரெட் கூப்பிட்டான். மாநிலப் பொறுப்பாளன். அவளைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், தேனொழுகப் பேசுவான்.

"லியோனா, தனியா இருக்கீங்களா?"

"இருக்கேன். சொல்லுங்க."

"கவர்னர் திங்கக்கிழமை மத்தியானம் பிரசாரத்தை நிறுத்திவைக்கப் போறாங்க. அவங்க ஊர் ஹெலனாவுல பேசுவாங்க. அதுவரைக்கும் இது வெளிய போகக் கூடாது."

இப்படி ஒரு வார்த்தை வரும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சரி. நாளைக்கு ஆளுங்களை வர வேணாம்னு சொல்லிடுறேன்."

"ஐயையோ, அப்படிச் செஞ்சிடாதீங்க! நாளைக்குத்தான் முழு மூச்சா வாங்கணும். பெட்டியில எவ்வளவு விழுதோ அவ்வளவு."

"போட்டியிலயே இல்லாதவங்களுக்கு எதுக்கு காரெட் ஓட்டு?"

"விலகுறேன்னு அவங்க சொல்லலையே, நிறுத்திவைக்கிறேன்னுதான் சொல்றாங்க. சீட்டுல பேரு இருக்கும், ஓட்டை எண்ணுவாங்க. நூத்துக்குப் பதினஞ்சு தாண்டிட்டோம்னா கொலராடோவுல நமக்குப் பிரதிநிதிங்க கிடைப்பாங்க. கட்சி மாநாட்டுல வேட்பாளரை முடிவு பண்றது அந்தப் பிரதிநிதிங்கதான். நம்ம ஆளுங்களை செனட்டர் ப்ரெண்டிஸ் பக்கம் நிறுத்தினா கவர்னருக்கு ஒரு நல்ல மந்திரி பதவி. பேச்சு நடந்துக்கிட்டிருக்கு."

"யாரு? ப்ரெண்டிஸா?"

"அவருதானே ஜெயிக்கிற குதிரை."

"எங்க ஊர்ல அவர் பேரைச் சொன்னா காப்பிகூட ஊத்த மாட்டாங்க காரெட். தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும். அவங்ககிட்ட யாரு சொல்லப் போறாங்க?" என்றான் அவன். "நீங்க சொல்லப் போறதில்லையே?"

சொல்லப் போவதில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்லப் போகிறேன் என்றும் சொல்லவில்லை. அதை அவன் சம்மதமாக எடுத்துக்கொண்டான். அவளும் அப்படியே விட்டுவிட்டாள்.

ப்ரெண்டிஸ் விஷயம் ஊரறிந்தது. திவாலான எஃகு ஆலைகளின் தொழிலாளிகளுக்கு ஓய்வூதியம் நிற்காமல் காப்பாற்ற ஒரு சட்டம் வந்தது. செனட்டில் ஒரே ஓட்டில் தோற்றது. தோற்கடித்தது அந்த மனுஷன்தான், அதுவும் ஆதரிக்கிறேன் என்று முதல் நாள் கைகுலுக்கிவிட்டு. எஃகு ஆலைப் புகையிலேயே பிறந்து வளர்ந்த பெசமர் பகுதிக்காரர்கள் அதை மறப்பார்களா? தோர்வால்ட் இல்லையென்றால் அவர்களுக்கு இன்னொரு வேட்பாளரான ஹோலிஸ்தான். ப்ரெண்டிஸோடு கடைசிவரை மல்லுக்கட்டக்கூடிய ஆள் இன்னும் அவர் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை லியோனா பெசமரில் ஓய்வுபெற்ற தொழிலாளர் சங்கக் கூடத்துக்குப் போனாள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. தேர்தல் என்றால் எல்லோரும் கூடத்தில் சேர்ந்து சாப்பிட்டு, ஒரே மேசையில் உட்கார்ந்து, சீட்டில் குறி போட்டு, உறையை ஒட்டிக் கையெழுத்திடுவார்கள். டெல்ஃபினோ பாகா அத்தனையையும் வாங்கி அடுக்கிப் பெட்டியில் கொண்டுபோய்ப் போடுவார். ஒருவர் பத்து உறைகள் வரை கொண்டுபோகலாம் என்பது சட்டம். அந்த மேசையிலும் பத்துப் பேர்தான்.

டெல்ஃபினோவுக்கு எண்பத்திரண்டு வயது. உலையடியில் முப்பத்தாறு வருஷம் நின்ற ஆள். லியோனாவின் அப்பாவோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர், அவளுக்கு மாமா முறை. எப்போதும் கடைசி நாள் சாயங்காலம்தான் பெட்டிக்குப் போவார், அதற்கு முன்னால் ஒரு மணி நேரம்கூட நகர மாட்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருதரம் அவசரப்பட்டு வெள்ளிக்கிழமையே போட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த வேட்பாளர் போட்டியை விட்டு மூட்டையைக் கட்டிவிட்டார். இறந்தவனுக்கு ஓட்டுப் போட்ட டெல்ஃபினோ என்று கூடத்தில் இன்றைக்கும் ஓட்டுகிறார்கள். அன்றையிலிருந்து யார் என்ன சொன்னாலும் செவ்வாய்தான்.

அவரைத்தான் லியோனா மூன்று வாரமாக நச்சரித்து வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். "அவங்க விலகுற மாதிரி இருந்தா ஊருக்குத் தெரியுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட வந்து நான் சொல்றேன் மாமா. என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டிருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்றைக்கு, இரண்டு நாள் முன்னதாக, மேசை போட்டிருந்தார்கள்.

உள்ளே நுழைந்ததும் பச்சைமிளகாய்க் குழம்பு வாசனை தூக்கியது. மிட்ஸி பாபிஷ் வாதுமைக்கொட்டை வைத்துச் சுருட்டிய ரொட்டியைத் துண்டுபோட்டுக்கொண்டிருந்தாள். கிழவிக்கு வாய் மட்டும் பதினெட்டு வயசு.

"வாடியம்மா! உன் கவர்னரம்மா நேத்து குப்புற விழுந்தாளாமே?"

"விழுந்தாங்க அத்தை."

"எந்திரிச்சிடுவாளா?"

லியோனா ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். வாய் நிறைந்திருந்தால் பதில் சொல்ல வேண்டியதில்லை.

"தென் கரோலினாக்காரனுக்கு என்ன தெரியும்?" என்றார் டெல்ஃபினோ மேசைத் தலைமாட்டிலிருந்து. "இங்க நாம போடுறோம்ல, செவ்வாக்கிழமை பாரு. ஏய் லியோ, உக்காரு. தட்டை எடு. ஏன் மூஞ்சி தொங்குது?"

"தூக்கம் இல்ல மாமா."

"எனக்கும்தான் இல்ல. செவ்வாக்கிழமை போட வேண்டியதை ஞாயித்துக்கிழமை போடச் சொன்னா எவனுக்குத் தூக்கம் வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் பிறகு அவளுக்கு அவள் மீதே அருவருப்பாக இருந்தது.

சீட்டுகள் வெளியே வந்தன. கண்ணாடிகள் மூக்கில் ஏறின. பேனா கை மாறியது. எல்லோரும் தோர்வால்ட் பெயருக்கு எதிரே இருந்த வட்டத்தை, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நாக்கைக் கடித்துக்கொண்டு நிரப்பினார்கள். இப்போது சொல்லிவிடு, இப்போது சொல்லிவிடு என்று அவளுக்குள் ஒன்று அடித்துக்கொண்டது. சொன்னால்? பத்துப் பேருக்குத் தெரிந்தால் பக்கத்துத் தெருவுக்குத் தெரியும், சாயங்காலம் செய்தியில் வரும். ஆக்னஸின் பேரம் போகும். ஆக்னஸ் கெட்டவளா? இதே ஊரில், லியோனாவின் காரில், காலணியைக் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொண்டு, "உன்னால்தான் இன்னும் நிற்கிறேன்" என்று சொன்னவள். மந்திரியானால் நல்லதுதானே செய்வாள்? இப்படியெல்லாம் ஒரு மனம் நியாயம் பேசியது. இன்னொரு மனம் எதிரே கையெழுத்துப் போடும் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

டெல்ஃபினோ எல்லா உறைகளையும் வாங்கினார். கடைசியாகத் தன்னுடையதை ஒட்டி, விரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்து, கட்டின் மேல் வைத்தார்.

"நானே போய்ப் போட்டிருப்பேன். எங்க பேரனோட குழந்தைக்கு இப்ப ஞானஸ்நானம், இங்கயேதான் விருந்து. நீ போற வழிதானே?" என்று கட்டை நீட்டினார். "ஒண்ணு கேக்குறேன், நேராச் சொல்லு. நிப்பாளா?"

மிட்ஸி கத்தியைக் கீழே வைத்தாள்.

"நம்ம ஓட்டு அவங்களுக்குத் தேவை மாமா," என்றாள் லியோனா. அது பொய்யில்லை. பொய்யைவிடக் கேவலமானது.

"சரி, போ," என்றார் அவர்.

மாவட்ட அலுவலகத்து வாசலில் வெள்ளை நிற இரும்புப் பெட்டி. காரிலிருந்தபடியே கையை நீட்டிப் போடலாம். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் நாலைந்து கார்கள் வரிசையில் நின்றன. முன்னால் ஒரு பெண் தன் மகளைத் தூக்கிப் பிடித்து உறையைப் போடவைத்துப் படமெடுத்தாள். யாருக்குப் போட்டாளோ, அந்த ஆளாவது நாளைக்கு இருப்பானா என்று லியோனா நினைத்தாள். நேற்றுவரை அவளுக்கு இந்த யோசனையே வந்ததில்லை.

காரெட்டிடமிருந்து அலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அவள் முறை வந்தது. கண்ணாடியை இறக்கினாள், காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. கட்டை மடியில் வைத்து, மேலே இருந்த உறையை எடுத்துத் துவாரத்தில் வைத்துத் தள்ளினாள். பழகிய கை. எத்தனை தேர்தல்களில் இப்படி உறை தள்ளியிருக்கும். தொப்பென்று உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.

இரண்டாவது உறை பாதி உள்ளே போய்விட்டது. அதன் மேல் மிட்ஸியின் கையெழுத்து, கோணல்மாணலாக. எந்திரிச்சிடுவாளா?

லியோனாவின் விரல்கள் உறையை விடவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். இழுத்தாள். துவாரத்தின் விளிம்பில் உறை சிக்கிக்கொண்டது. கிழிந்துவிடுமோ என்று பயந்து, மூச்சைப் பிடித்து, பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி இழுத்தாள். ஹாரன் விடாமல் அடித்தது. உறை வெளியே வந்தது. காரை எடுத்துக்கொண்டு எதிர்க் கடை வாசலில் நிறுத்தினாள்.

உள்ளே போனது யாருடையது?

ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். பாபிஷ். ட்ரூஹியோ. இரண்டு ஸ்கூபே. மொண்டோயா. கீழே வரை பார்த்தாள். தெரிந்தே பார்த்தாள், அவர் மேலே வைத்தபோது அவள் கண்ணால் பார்த்திருக்கிறாள். ஒன்பது பெயர்கள் இருந்தன, டெல்ஃபினோ பாகா இல்லை. பெட்டிக்குள் போனதைத் திரும்ப எடுக்க ஜனாதிபதியாலும் முடியாது. உள்ளே விழுந்தால் அது போட்டாகிவிட்ட ஓட்டு. அவருக்கு வேறு சீட்டுக் கிடைக்காது.

அப்படியே அலுவலகத்துக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. ஒன்பதையும் போட்டுவிட்டால் யாருக்கும் தனியாக ஒன்றும் தெரியாது. நாளை மத்தியானம் எல்லோருக்கும் சேர்ந்து தெரியும். அவளும் எல்லோரோடும் சேர்ந்து அழலாம். அதை யோசித்தபடியே காரைத் திருப்பினாள், பெசமர் பக்கமாக.

கூடத்தில் விருந்து களைகட்டியிருந்தது. மேசைக்காரர்கள் அதே மேசையில்தான். கையில் கட்டோடு அவள் வந்ததைப் பார்த்ததும் டெல்ஃபினோ எழுந்தார்.

"பெட்டி நிறைஞ்சு போச்சா?"

"மாமா, அவங்க நாளைக்கு மத்தியானம் நிறுத்துறாங்க. போட்டியில இருக்க மாட்டாங்க." குரல் உடைந்தது. நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று மடமடவென்று சொல்லிவிட்டாள். "உங்க ஓட்டை வச்சுக் கிடைக்கிற பிரதிநிதிங்களை ப்ரெண்டிஸுக்குக் குடுத்து மந்திரி பதவி வாங்கப் போறாங்க. இதைப் போடாதீங்க. கிழிச்சிடுங்க. நாளைக்குக் காலையில மாவட்ட அலுவலகம் திறந்ததும் போனா வேற சீட்டுத் தருவாங்க."

"ப்ரெண்டிஸுக்கா?" என்றாள் மிட்ஸி. "என் புருஷன் சாகுற வரைக்கும் திட்டின ஆளுக்கா? என் கையாலயா?"

டெல்ஃபினோ கேட்டார்: "உனக்கு எப்பத் தெரியும்?"

"நேத்து சாயங்காலம்."

"காலையில இங்க உக்காந்து ரொட்டி தின்னியே, அப்பத் தெரியும்."

"தெரியும்."

"நிப்பாளான்னு நான் கேட்டப்பவும் தெரியும்."

"தெரியும் மாமா."

அவர் கட்டை வாங்கினார். ஒவ்வொரு பெயராகப் படித்து உரியவர் கையில் கொடுத்தார். வாங்கியவர்கள் அங்கேயே கிழித்தார்கள். யாரும் லியோனாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்துத் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தாங்கும்படி இருந்திருக்கும். கடைசி உறையைக் கொடுத்ததும் அவர் கை காலியாக நின்றது. மேசை மேல் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார்.

"என்னுது எங்க?"

அவள் மேசையில் கிடந்த கிழிந்த துண்டுகளைக் கூட்டிச் சேர்க்கத் தொடங்கினாள்.

"லியோ. என்னுது எங்க?"

"போட்டுட்டேன் மாமா. அதைத்தான் மொதல்ல போட்டேன். அப்புறம்தான்..."

அப்புறம்தான் புத்தி வந்தது என்று சொல்ல வந்தாள். டெல்ஃபினோ நாற்காலியை இழுத்து மெதுவாக உட்கார்ந்தார். பக்கத்து மேசையில் குழந்தை வீறிட்டு அழுதது, யாரோ பாட்டுப் போட்டார்கள்.

"அடுத்த தடவை எனக்கு எண்பத்தாறு," என்றார்.

"மாமா..."

"ப்ரெண்டிஸுக்கு ஒரு ஓட்டு. டெல்ஃபினோ பாகா போட்ட ஓட்டு." அதைத் தனக்குத்தானே சொல்லிப் பார்ப்பவர்போலச் சொன்னார். இந்த முறை கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை.

லியோனாவின் அலைபேசி மறுபடி அடித்தது. திரையில் காரெட்டின் பெயர். டெல்ஃபினோ எட்டிப் பார்த்துவிட்டு அதைத் தன் விரலாலேயே அணைத்தார்.

"இதுல இருக்குமே, இன்னும் யாரெல்லாம் போடலைன்னு?"

"இருக்கு."

"நீ இத்தனை நாளா விரட்டின ஆளுங்க எல்லாம்."

"எல்லாரும் இருக்காங்க."

"கூப்பிடு."

"மாமா, இப்பவே கூப்பிட்டா எல்லாருக்கும் தெரிஞ்சு..."

"தெரியட்டும். ஒவ்வொருத்தராக் கூப்பிடு. எனக்குக் கேக்குற மாதிரி கூப்பிடு."

வேலை போகும். அதோடு நிற்காது, டென்வரில் அவள் பெயரைச் சொன்னால் கதவு திறக்காது. அதையெல்லாம் யோசிக்க அவளுக்கு நேரம் இருந்தது, ஆனால் மனம் இல்லை. நாற்காலியை அவருக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அலைபேசியைப் பாதி காலியான தட்டுகளுக்கு நடுவில் வைத்து, ஒலியைக் கூட்டி, முதல் பெயரைத் தொட்டாள். நோர்மா விஹில். பள்ளிக்கூடத்துச் சமையல்கட்டில் வேலை பார்க்கிறவள். போட மாட்டேன், பொறுத்துத்தான் போடுவேன் என்று பத்து நாளாகப் பிடிவாதம் பிடித்தவள்.

இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"நோர்மா, நான் லியோனா பேசுறேன். இன்னும் போடலைன்னா, தயவுசெஞ்சு..."

"அட, நூறு ஆயுசு உனக்கு! இப்பத்தான் போட்டுட்டு வீட்டுக்குள்ள நுழையுறேன்," என்றாள் நோர்மா உற்சாகமாக. "நீ சொன்ன மாதிரியே உன் கவர்னரம்மாவுக்குத்தான். இப்பச் சந்தோஷம்தானே?"

லியோனா டெல்ஃபினோவைப் பார்த்தாள். அவர் கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லு அவகிட்ட," என்றார்.

அவள் சொன்னாள். நோர்மா இணைப்பைத் துண்டித்தாள்.

"அடுத்த ஆளு," என்றார் டெல்ஃபினோ.